சிறுவாடு தெரியாதவரின் சேமிப்புப் பாடம்

காவிரி டெல்டாவின் விவசாயியும் கூலிக்காரரும் ஏன் கடனில் பிறந்து கடனிலேயே கண்ணை மூடுகிறார்கள் என்பதற்குச் சென்ற இதழில் ஒரு நிதி ஆலோசகர் நாலு பக்கத்தில் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். மேட்டூரில் தண்ணீர் இல்லாதது அவருக்குக் காரணமாகத் தெரியவில்லை. கொள்முதல் விலை தெரியவில்லை, புயல் தெரியவில்லை, குத்தகை தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் பழக்கம். காலையில் கடைத்தெருவில் ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ, மடியில் வெற்றிலை சீவல், ஆடி பிறந்தால் மொய். இவற்றை விட்டொழித்துத் தினமும் ஒரு தொகையை எடுத்துவைத்தால் முப்பது வருடத்தில் ஒரு கோடியாம், அதன் பெயர் நிதிச் சுதந்திரமாம். இதைத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒருவர் எழுதுகிறார், தஞ்சாவூர்க்காரர்களே தலையாட்டிப் படிக்கிறார்கள் என்பதுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

முதலில் அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம், கணக்குதானே அவர் தொழில். டீ 15 ரூபாய், இரண்டு டீ 30 ரூபாய், மாதம் 900 ரூபாய். அவர் சொல்லும் 12 சதவீத வளர்ச்சியை, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்காமலே, அப்படியே கொடுத்துவிடுவோம். முப்பது வருடம் ஒரு மாதம் தவறாமல் கட்டினாலும் அது 32 லட்சத்தைத் தொடாது. கோடி வேண்டுமென்றால் மாதம் 2,800 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். அதற்கு நாளுக்கு ஆறு டீக்கு மேல் குடிக்கிறவராகப் பார்த்து நிறுத்தச் சொல்ல வேண்டும். விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் அந்த 32 லட்சத்தின் இன்றைய மதிப்பு ஐந்தரை லட்சம். இருபத்தைந்து வயதில் டீயை விட்டவர் ஐம்பத்தைந்து வயதில் கையில் வாங்கப்போகும் 'சுதந்திரம்' ஒரு மகளின் கல்யாணச் செலவுக்குக் காணாது. பெருக்கல் தெரிந்த ஒருவர் இதைத் தெரியாமலா எழுதியிருப்பார்?

அந்த டீயை அவர் எங்கே நின்று பார்த்தார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் பக்கத்து டீக்கடை விடியற்காலை ஐந்து மணிக்கு வேலை பிரிக்கிற இடம். நாளைக்கு யார் வயலில் நடவு, எத்தனை ஆள், வரப்பு வெட்டக் கூப்பிடுகிறார்களா, வாய்க்காலில் நம் முறை என்றைக்கு, அறுப்பு வண்டி எந்த ஊரில் நிற்கிறது, வியாபாரி மூட்டைக்கு என்ன விலை கேட்டான், எல்லாம் அந்தப் பெஞ்சில்தான் தெரியும். டீ குடிக்காமல் வீட்டில் உட்கார்ந்து 15 ரூபாய் மிச்சம் பிடித்தவருக்கு அன்றைய கூலி போய்விடும்.

அடுத்து, சம்பளத்தை ஐம்பது, முப்பது, இருபது என்று பிரிக்கச் சொல்லும் அமெரிக்கச் சூத்திரம். அதைப் பரப்பியவர் எலிசபெத் வாரன். 2005இல் தன் மகளோடு சேர்ந்து எழுதிய நூலில் அதைச் சொன்னார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2003இல், அதே இருவரும் எழுதிய நூல் என்ன சொல்கிறது என்பது நம் ஆலோசகருக்குத் தெரியுமா? அமெரிக்கக் குடும்பங்கள் திவாலாவது கண்டதைத் தின்று கண்டதை உடுத்தி அல்ல. வீட்டுக்கடன், மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு என்ற தவிர்க்க முடியாத செலவுகளாலும், நடுவில் வேலை போவதாலும்தான் என்று அந்த நூல் விரிவாக வாதாடுகிறது. ஊதாரித்தனமே காரணம் என்ற கதையை உடைக்கப் புத்தகம் எழுதியவரின் சூத்திரத்தை, அதே ஊதாரிக் கதையைச் சொல்வதற்கு இவர் கடன் வாங்கியிருக்கிறார்.

சூத்திரத்தின் அடியில் இருப்பது 'மாதம்' என்ற சொல். ஒன்றாம் தேதி கணக்கில் பணம் விழுகிறவருக்குத்தான் மாதம் உண்டு. எங்களுக்குப் போகம்தான் உண்டு. குறுவை, சம்பா, தாளடி என்று வருமானம் வருடத்தில் ஒரு தரமோ இரண்டு தரமோ வரும், அதுவும் மேட்டூர் மனசு வைத்தால். அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2012இல் திறந்தது செப்டம்பர் 17, 2016இல் செப்டம்பர் 20, 2017இல் அக்டோபர் 2, 2019இல் ஆகஸ்ட் 13. 2012 தொடங்கி 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஒரு ஆண்டுகூட ஜூன் 12இல் தண்ணீர் வரவில்லை. 2020இல் வந்தது; 2024இல் மறுபடி ஜூலை 28 ஆயிற்று. ஆழ்துளைக் கிணறு இல்லாத வீட்டில் அந்த எட்டு ஆண்டும் குறுவையே கிடையாது, அதாவது பாதி வருமானம் கிடையாது. எட்டு வருடம் பாதிச் சம்பளம் நின்றுபோன ஒரு வங்கி அதிகாரியிடம் போய் இந்த ஆலோசகர் தினசரிப் பழக்கம் பற்றி வகுப்பு எடுப்பாரா?

தண்ணீர் வந்து, புயல் வராமல், எல்லாம் நல்லபடியாக நடந்த ஒரு வருடத்தையே பார்ப்போம். ஏக்கருக்கு 40 கிலோ மூட்டையில் 60 மூட்டை, 24 குவிண்டால் கண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு மத்திய அரசின் விலை 2,389 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 156 ரூபாய், ஆக 2,545. மொத்தம் 61,080 ரூபாய். உழவு, நாற்று, நடவு, உரம், மருந்து, களை, அறுப்பு என்று 35,000 ரூபாயைக் கழித்தால் மிச்சம் 26,080. ஐந்து மாத உழைப்புக்கு இதை வகுத்தால் நாளுக்கு 174 ரூபாய் வரும். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவராக இருந்தால் இந்த 174இலிருந்து குத்தகை நெல்லும் போக வேண்டும். இதில் ஐம்பது எது, முப்பது எது, இருபது எது என்று பிரித்துக் காட்டட்டும்.

வள்ளுவரையும் இழுத்திருக்கிறார். வரவு சிறிதாக இருந்தாலும் செலவு அகலாதவரை கேடில்லை என்ற கருத்துள்ள குறளை எடுத்துப் போட்டு, பார்த்தீர்களா, ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் சொன்னான் என்று புளகாங்கிதம் அடைகிறார். ஐயா, அந்தக் குறள் இருக்கும் அதிகாரத்தின் பெயர் வலியறிதல். பொருட்பாலில் அரசியலில், பகைமேல் போகுமுன் தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் அளந்து பார் என்று மன்னனுக்குச் சொல்லும் அதிகாரம் அது. அரசனின் பொக்கிஷத்துக்குச் சொன்ன எச்சரிக்கையை அன்றாடங்காய்ச்சியின் தலையில் வைத்துக் கட்டுவதுதான் தமிழ்ப் புலமையா? பொருளுக்கு வழி உண்டாக்கி, சேர்த்து, காத்து, பகிர்ந்தளிப்பது அரசின் கடமை என்று இறைமாட்சியில் சொல்லியிருப்பது அவர் கண்ணில் படவில்லை. 104ஆம் அதிகாரம் உழவு, 105ஆம் அதிகாரம் நல்குரவு, 106ஆம் அதிகாரம் இரவு. உழவுக்கு அடுத்து வறுமை, வறுமைக்கு அடுத்துப் பிச்சை என்று அதிகாரங்கள் நிற்கும் வரிசையை மட்டும் பார்த்திருந்தாலும் போதும், இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டார்.

கட்டுரை முழுவதிலும் எனக்கு மிகவும் உறுத்திய வரி, டெல்டாவில் சேமிக்கும் கலாசாரமே இல்லை என்ற வரி. சிறுவாடு என்ற சொல்லை இவர் கேள்விப்பட்டதே இல்லையா? வீட்டுப் பெண்கள் யாருக்கும் தெரியாமல் சேர்க்கும் காசுக்குத் தனியாக ஒரு பெயர் வைத்திருக்கும் ஊரில் வந்து நின்று சேமிப்புப் பழக்கம் இல்லை என்கிறார்! உலையில் போடுமுன் அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுகிற பிடியரிசி எந்த நிதி வகுப்பில் கற்றது? வயிறு காய்ந்தாலும் விதைநெல் கோட்டையில் கைவைக்காத கட்டுப்பாட்டுக்கு அவருடைய பாடத்திட்டத்தில் என்ன பெயர்?

என் அம்மா சிறுவாட்டுக்காரி. வெண்ணாற்றுக் கடைமடையில் எங்கள் ஊர். பால் விற்ற காசு, தவிடு விற்ற காசு, அறுப்புக்கு முன் ஈரத்தில் தெளித்த உளுந்தில் தனக்கென்று ஒதுக்கும் இரண்டு மரக்கால், எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாளாக மாறி, எட்டாக மடிந்து, மஞ்சள் துணியில் சுருட்டி, அடுக்குப்பானையின் அடியில் மிளகாய் வற்றலுக்குக் கீழே போகும். அப்பாவுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் விடிகாலை அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அம்மா அந்தத் துணியைக் கொண்டுவந்து அவர் முன்னால் அவிழ்த்து வைத்தாள். 31 தாள். மிளகாய் நெடி அடித்தது. மடிப்பு விழுந்த இடத்தில் காந்தி முகம் வெளிறியிருந்தது. "பேத்திக்குத் தோடு எடுக்க வெச்சிருந்தேங்க" என்றாள், ஏதோ திருடிப் பிடிபட்டவள் மாதிரி. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்துத் துடையில் வைத்து நீவி நிமிர்த்திக்கொண்டே இருந்தார்.

அந்த 15,500 ரூபாய் வரிசையில் நின்று மாறி வருவதற்குள் சம்பாவுக்கு மேலுரம் போடும் நாள் கடந்திருந்தது. நவம்பர் 14 முதல் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய தாளை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. டெல்டா விவசாயிக்குக் கடனும் உரமும் தரும் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் அந்த வங்கிகளை நம்பித்தான் நிற்கின்றன. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழையும் தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. சிறுவாட்டுப் பணம் டீசலாகிப் பக்கத்துக் குட்டைத் தண்ணீரை இறைத்தது, குட்டையும் வற்றியது, தை பிறந்தபோது கதிரில் பால் பிடிக்காமல் பயிர் வைக்கோலாக நின்றது. 2017 ஜனவரி 10ஆம் தேதி மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அம்மாவின் இத்தனை வருடத் தினசரிப் பழக்கத்தில் எங்கே குறை கண்டுபிடிக்கப்போகிறார் இந்த ஆலோசகர்?

மொய் ஒரு வெட்டிச் செலவு, வறட்டுக் கௌரவம் என்கிறார். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கமும், எல்லை தாண்டிப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கமும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கிறது. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, விருந்தே மொய்க்காகத்தான். வந்தவர் போடும் பணம் நோட்டில் ஏறும். அவர் விருந்து வைக்கும்போது வாங்கியதோடு மேலே சேர்த்துத் திருப்பிப் போட வேண்டும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, சதவீதம் பேசும் வட்டி இல்லை. சில வருடங்களுக்கு ஒரு தரம் ஒரு குடும்பத்தின் கையில் கிணறு வெட்டவோ கடை வைக்கவோ பிள்ளையைப் படிக்க வைக்கவோ போதுமான மொத்தப் பணம் சேரும். வங்கி கதவைத் திறக்காத இடத்தில் சனங்கள் தாங்களே கட்டிய வங்கி இது. அதை உடைத்தது ஊதாரித்தனமா? 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னையை ஒரே ராத்திரியில் படுக்க வைத்தது. புதுக்கன்று காய்க்க ஐந்தாறு வருடமாவது வேண்டும். மொய் வாங்கியவரிடம் திருப்பிப் போடப் பணம் இல்லை, நோட்டு மட்டும் இருந்தது.

கடன் வாங்குவதும் ஒரு கெட்ட பழக்கம் என்பதற்கு ஒரு பத்தி. குழுக்கடன் வாங்கிய பெண்களைப் பார்த்திருக்கிறாரா? காய்ச்சலானாலும் மழையானாலும் வாரத்தின் குறித்த நாளில், குறித்த வீட்டு வாசலில், பாயில் உட்கார்ந்து தவணையை எண்ணி வைக்கிறார்கள். ஒருத்தியிடம் குறைந்தால் மற்றவர்கள் போட்டு நிரப்புகிறார்கள். ஒழுக்கத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் இவர் எங்கே காட்டுவார்? நுண்கடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பை 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி எடுத்துவிட்டது. வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் கட்டுரையாளர் அதே பத்தியின் முடிவில், கடன் இருந்தாலும் மாதச் சேமிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள் என்கிறார். 24 சதவீத வட்டிக்கடனை அடைக்காமல் வைத்துக்கொண்டு, 12 சதவீதம் வரலாம் என்ற திட்டத்தில் பணம் போடச் சொல்கிற புத்திமதி யாருக்கு லாபம்?

விடை கட்டுரைக்குக் கீழே உள்ள குறிப்பிலேயே இருக்கிறது: அவர் பரஸ்பர நிதி விநியோகஸ்தர். விநியோகஸ்தர் மூலம் போடும் பணத்திலிருந்து, அது கிடக்கும் வருடமெல்லாம் அவருக்குக் கழிவு போகும். இடைத்தரகர் இல்லாத நேரடித் திட்டங்கள் 2013 ஜனவரி முதலே நாட்டில் இருக்கின்றன. நாலு பக்கத்தில் அதற்கு நாலு எழுத்துகூட இல்லை. கடனை அடைத்தால் அவருக்குக் கழிவு கிடையாது, சேமிப்பை நிறுத்தினால் கழிவு நின்றுபோகும். நம்முடைய டீக்காசை விடச் சொல்பவர் தன்னுடைய டீக்காசை வருடா வருடம் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்.

கடைசியாக அவருடைய தாத்தா. தினமும் காலணா எடுத்துவைத்து மேலே வந்த மனிதர் என்று கண்கலங்க எழுதியிருக்கிறார். நாலு வரி தள்ளி, தாத்தாவுக்குப் பிதுரார்ஜிதமாக இரண்டு வேலி நஞ்சை இருந்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார். இரண்டு வேலி என்றால் பதின்மூன்று ஏக்கருக்கு மேல்! அந்தப் பதின்மூன்று ஏக்கரில் சேற்றில் இறங்கியவர்கள் யார், அவர்கள் காலணா எடுத்துவைத்தார்களா என்று பேரனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குக் கிடைத்தது சவுக்கடியும் சாணிப்பாலும். அவர்களைச் சங்கமாக்கியவர் பி. சீனிவாச ராவ். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் பண்ணையாளைக் கண்டபடி வெளியேற்ற முடியாது, இவ்வளவு கூலி கொடுக்க வேண்டும் என்ற நிலையே வந்தது. கூலி உயர்வு கேட்டதன் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதன் பின்னால் கணபதியா பிள்ளை ஆணையம், 1969இல் நியாயக்கூலிச் சட்டம். 1981இல் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் தொடங்கிய லாஃப்டி இயக்கம் நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு ஒரு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தது. டெல்டாவில் யாருக்காவது நிதிச் சுதந்திரம் என்ற ஒன்று கிட்டியிருக்கிறதென்றால் அது இந்த வழியில் கிட்டியது: கூலி ஏறியது, கையில் நிலம் வந்தது, பிள்ளை படித்து வேலைக்குப் போனது. கையில் மிச்சம் வந்த பிறகு சேமிக்க யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சேமிப்பு கூடாது என்று நான் சொல்லவில்லை. என் அம்மா வயிற்றில் பிறந்துவிட்டு அப்படிச் சொன்னால் வாய் அழுகிப்போகும். நாளுக்குப் பத்து ரூபாய் எடுத்துவைக்க முடிந்தவர் வையுங்கள், முதலில் கடனை அடையுங்கள், அஞ்சலகத்தில் போடுங்கள், ஹெலிகாப்டர் காட்டி வட்டி தருகிறேன் என்பவரிடம் போடாதீர்கள், 2021இல் கும்பகோணம் அதையும் பார்த்தது. ஆனால் எடுத்துவைக்க முடியாமல் போனவரைப் பார்த்து, உன் பழக்கம் சரியில்லை என்று சொல்ல இவருக்கு உரிமை கிடையாது.

வருகிற புரட்டாசியில் குறுவை அறுப்பு நடக்கும். கொள்முதல் நிலையத்துக்கு வெளியே சாலையோரம் நெல் குவிந்து கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். தளர்த்த வேண்டுமென்றால் டெல்லிக்கு எழுதி, அங்கிருந்து குழு வந்து நெல்லை அளந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். அதற்குள் மழை வரும். கட்டுரையாளர் ஒரு ராத்திரி வந்து எங்களோடு தார்ப்பாயின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குவியலின் பக்கத்தில் உட்காரட்டும். விடிந்ததும் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகிறேன். டீ என் கணக்கு.